சிரமம் பார்க்காமல்

அந்த மனிதரைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும், "அய்ய, தங்கமான மனுசனாச்சே" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கமாம், தங்கம்! அந்தத் தங்கத்தை உரசிப் பார்த்தவள் நான். என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டி போகிற ரோட்டில் அப்போது தொழிற்சாலைகள் இவ்வளவு கிடையாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தவற்றில் எங்களுடையது தகர டப்பாவுக்கு மூடி அடிக்கிற கம்பெனி. பிரஸ் மிஷினில் உட்கார்ந்து பெண்கள் நாங்கள் நாற்பது பேர் மூடி அடித்தோம். அவர் அங்கே லேபர் ஆபீசர். பேர் இருந்தது, நான் சொல்ல மாட்டேன். சொன்னால் கூடவே ஒரு 'அவர்கள்' போட வேண்டியிருக்கும்.

நாங்கள் அவருக்கு வைத்த பேர் 'சிரமம் பாக்காம'. எதற்கெடுத்தாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார். "சிரமம் பாக்காம உட்காருங்கம்மா." "சிரமம் பாக்காம அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திடுங்க." "சிரமம் பாக்காம நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாங்க." கடைசியில் சொன்னதையும் அதே குரலில்தான் சொல்வார். சொல்லிவிட்டு, ஊரில் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார். வேலை போனவன் அழுதுகொண்டே, "நல்லாகீறாங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போவான். நான் பார்த்திருக்கிறேன்.

வேலை கேட்டு நான் முதல் நாள் போனபோது என் நைனாவும் கூட வந்தார். ஆரணி ஆற்றங்கரையில் ஒரு பண்ணையில் ஆயுசு முழுக்க உழைத்தவர். பண்ணைக்காரர் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கூட அவரை "டேய்" என்றுதான் கூப்பிடும். ஆபீஸ் வாசலிலேயே செருப்பை விட்டு, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே இருந்த இந்த மனிதர் எழுந்தார். எழுந்து வாசல் வரைக்கும் வந்தார். "ஐயா, துண்டைத் தோள்லயே போடுங்க. இங்க யாரும் யாருக்கும் எசமான் இல்லீங்க" என்றார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்துவிட்டு, "சிரமம் பாக்காம உட்காருங்க" என்றார். நைனா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் காலனியில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "எயுந்து நின்னு என்னை ஐயான்னாரும்மே! ஐயான்னாரு!" சொல்லும்போது அழுதார். நானும் அந்த ஆபீசர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். இதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு எட்டாம் வகுப்பு வரைக்கும் மிஷன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தவர்கள் கூட என்னை 'நீங்கள்' என்று சொன்னதில்லை. இவர் இருபத்திரண்டு வயதுப் பெண்ணான என்னை, "வாங்கம்மா, எஸ்தரம்மா" என்றார். அந்த ஒரு 'ங்க'வுக்காக ஓவர் டைம் செய்திருப்பேன்.

எங்கள் ஃபோர்மேன் வேறு ரகம். வாயைத் திறந்தால் சாக்கடை. பெண்களை என்னென்ன சொல்லித் திட்டுவான் என்பதை நான் இங்கே எழுதினால் அச்சில் போட மாட்டார்கள். அவன் திட்டுவான், நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போவோம், இவர் நாற்காலியைத் துடைப்பார். "அவர் படிக்காதவரும்மா. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்" என்பார். நாங்களும் பெரிய மனசு பண்ணிக்கொண்டு மிஷினுக்குத் திரும்புவோம். ஃபோர்மேன் மறுபடி ஆரம்பிப்பான். ஒருவன் அடிக்க, ஒருவர் தடவ, இரண்டும் ஒரே கம்பெனிச் சம்பளம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கான்டீன் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு நாள் சாம்பாரில் புழு. ஒன்றிரண்டு இல்லை. ஆண்கள் பெண்கள் எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் முன்னால் போய் நின்றோம். கத்தல் என்றால் அப்படி ஒரு கத்தல். அன்றைக்கு வேலை நின்றிருக்கும், முதலாளியே வந்திருப்பார். இவர் வெளியே வந்தார். முன்னால் நின்றவனுடைய தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். "உங்களை இப்படிச் சாப்பிட வச்சதுக்கு நான் வெட்கப்படறேங்க" என்று சொல்லி, அந்தச் சோற்றிலேயே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எல்லோர் எதிரிலும் மென்றார். "அய்யோ, வாணாம் சார், துப்பிடு சார்" என்று முன்னால் நின்றவனே கெஞ்சினான். வெட்கம் பிடுங்கித் தின்ன எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினோம். மறுநாள் சாம்பாரிலும் புழு இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம்.

நடிக்கிறார் என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கல்யாணமாகி நான் செவ்வாப்பேட்டைக்கு வந்து பல வருடம் கழித்து, திருவள்ளூர் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். ரிட்டயராகி மணவாள நகரில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். கிழவராகியிருந்தார். என்னைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்து எழுந்து, கைக்குட்டையால் தட்டிவிட்டு, "எஸ்தரம்மா! சௌக்கியமா இருக்கீங்களா? சிரமம் பாக்காம உட்காருங்க" என்றார். பேரை மறக்கவில்லை, பாருங்கள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் அந்த ஆளை. என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "இருக்கேங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்தும் விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

என் பக்கத்து மிஷினில் கன்னியம்மா. பழவேற்காட்டு ஏரிக் கரையில் ஒரு குப்பத்துக்காரி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். புருஷன் ஏரியில் மீன் பிடிக்கப் போவான், பாதி நாள் வெறும் வலையோடு வருவான். இரண்டு பெண் குழந்தைகள். இவள் வேலைக்கு வந்ததில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. விடிந்ததும் பஸ் பிடித்து பொன்னேரி வந்து, அங்கே என்னோடு ரயில் ஏறுவாள். ஏறும்போதே குரல் பெட்டி முழுக்கக் கேட்கும். "ஏய் எஸ்தரு! எடத்தப் புடிச்சிகினு உக்காரத் தெரியாதாடி உனுக்கு? தொரசானியாட்டம் நின்னுகினு கீறியே, சனியனே!" சொல்லிக்கொண்டே என் தொடையில் கிள்ளி இடம் பிடிப்பாள். என் சோற்று டப்பாவை என்னைக் கேட்காமல் திறப்பாள். அவள் மீன் குழம்பை என் வாயில் திணிப்பாள். 'டீ' போடாமல் அவள் என்னிடம் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

பிரஸ் மிஷினில் கைக்கு முன்னால் ஒரு கம்பி வலை இருக்கும். கார்டு என்போம். மேலிருந்து அச்சு இறங்கும்போது கை உள்ளே போகாமல் அது தடுக்கும். ஆனால் அது இருந்தால் கொஞ்சம் வேகம் குறையும். மூடி கூடுதலாக விழ வேண்டும் என்று ஃபோர்மேன் ஸ்பானரோடு வந்து கன்னியம்மா மிஷினிலிருந்து கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். நான் பார்த்தேன். என் மிஷினிலும் கழற்ற வந்தவனை யாரோ கூப்பிட, போய்விட்டான். "இன்னா சார், கையி போயிடப் போவுது" என்று கன்னியம்மா கேட்டதற்கு அவன் சொன்ன பதிலும் அச்சில் வராது. பதினைந்து நாள் கழித்து அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

மூன்றாம் நாள் மதியச் சங்கு ஊதியதும் இவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியைத் துடைத்தார். தன் வீட்டிலிருந்து கொண்டு வந்த பிளாஸ்கைத் திறந்து, பூப் போட்ட பீங்கான் கோப்பையில் தன் கையாலேயே காப்பி ஊற்றி, சாசரோடு நீட்டினார். எங்கள் ஊர் டீக்கடையில் அப்போது எங்களுக்குத் தனி கிளாஸ். கூரை ஓரத்தில் செருகி வைத்திருக்கும். நாமே எடுத்து, நாமே கழுவி வைக்க வேண்டும். இவர் தான் குடிக்கிற கோப்பையில் எனக்கு ஊற்றிக் கொடுக்கிறார். சாசரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"கன்னியம்மாவை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலீங்க."

"சரிங்க."

"ரொம்ப வேகமா வேலை செய்யறவங்க, இல்லீங்களா?"

"ஆமாங்க."

"கார்டு இருந்தா வேகம் வராதுன்னு நம்ம ஆளுங்களே சொல்றாங்க."

"சரிங்க."

"பாவம், நாலு மூடி கூட அடிக்கலாம்னு அவங்களே கழட்டி வச்சிருப்பாங்க போல."

"சரிங்க."

அந்த 'சரிங்க' என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஜனங்கள் மத்தியில் பெரிய மனிதர் முன்னால் 'சரிங்க' என்றால் ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. காதில் விழுந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். "விடிகாலைல வந்துட்றா" என்பார் பண்ணைக்காரர். "சரிங்க" என்பார் நைனா. போக மாட்டார். "ஏண்டா வரல?" "சரிங்க." "திமிராடா?" "சரிங்க." பண்ணைக்காரருக்கே அது தெரியும். இவருக்குத் தெரியாதா? இவர் அப்பா இதே தாலுகாவில் கிராம முன்சீப்பாக இருந்தவர். பிறந்ததிலிருந்து அந்த 'சரிங்க'வைக் கேட்டு வளர்ந்த காது அது. கேட்டார். 'ஆம்' என்று எழுதினார்.

இல்லீங்க, ஃபோர்மேன்தான் கழட்னாரு என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கர்த்தர் சாட்சி. ஆனால் தன் கையால் காப்பி ஊற்றிக் கொடுத்த மனிதர் முகத்தைப் பார்த்து, குடித்த வாயாலேயே எப்படி 'இல்லீங்க' என்பது? குடித்து முடித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். நான் கோப்பையை வைப்பதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். காகிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, "சிரமம் பாக்காம ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார்.

எனக்குப் படிக்கத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? என் நைனாவை ஐயா என்றவரை?

"பரவால்லீங்க" என்று சொல்லிப் போட்டேன்.

படி என்று சொன்னாரே, அதுதான் சாமர்த்தியம். நான் படிக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது போல எனக்கே தெரிந்திருக்காது.

ஆறு வாரம் கழித்து விசாரணை என்று வைத்தார்கள். கார்டை ஃபோர்மேன் கழற்றியிருந்தால் தப்பு கம்பெனிமேல். கன்னியம்மாவுக்குக் கை ஆறியதும் பேக்கிங்கில் லேசான வேலை கொடுத்தே ஆக வேண்டும். அவளே கழற்றினாள் என்றால் அவளுடைய கவனக்குறைவு, வேலை கிடையாது. அதற்குத்தான் அந்தக் காகிதம். கன்னியம்மா கையில் கட்டோடு வந்து நின்றாள். அவளுக்கும் நாற்காலி துடைத்துப் போடப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு இவர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு இரண்டு முறை போயிருந்ததால் அவளும் இவரைப் பார்த்துச் சிரித்தாள். இவர் என் வாக்குமூலத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். 'கன்னியம்மாள் தாமாகவே கார்டைக் கழற்றியதை அருகிலிருந்த நான் அறிவேன்.'

கன்னியம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி இது? நீயாடி சொன்னே?"

"நான் சொல்லலடி! ஃபோர்மேன்தான் கழட்னான், என் கண்ணால பாத்தேன்!"

"இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்றார் இவர்.

"ஆமாங்க."

"படிச்சுப் பாக்கச் சொன்னேனா, இல்லீங்களா?"

"சொன்னீங்க."

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லீங்க."

"நான் உங்ககிட்ட மரியாதைக் குறைவா ஒரு வார்த்தை பேசியிருக்கேனா?"

அப்போதுதான் எனக்கு உச்சிக்கு ஏறியது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். "யோவ்! நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா? காப்பி ஊத்திக் குட்த்து கய்த்த அறுத்துட்டியேடா!"

அவருக்குக் கோபம் வரவில்லை. முகம் கூடச் சுருங்கவில்லை. பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கிளார்க்கிடம், "அதையும் எழுதிக்குங்க. சிரமம் பாக்காம, அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்க" என்றார்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. 'செல்வி எஸ்தர் அவர்களுக்கு. தாங்கள் தங்கள் மேலதிகாரியை ஒருமையில் விளித்து, கண்ணியக் குறைவாக நடந்துகொண்டமைக்காகத் தங்களை ஏன் பணியிலிருந்து நீக்கக்கூடாது என்பதற்குத் தாங்கள் விளக்கம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.' எத்தனை 'தாங்கள்', எண்ணிப் பாருங்கள். நாற்பது பெண்களைத் தினமும் ஒருமையில், அதுவும் எப்பேர்ப்பட்ட ஒருமையில், பேசுகிற ஃபோர்மேனுக்கு அந்தக் கம்பெனி ஒரு துண்டுச் சீட்டு கொடுத்ததில்லை. நான் ஒரே ஒரு 'டா' போட்டேன், வேலை போகிறது. நைனா அப்போது நெஞ்சு வலி வந்து படுத்திருந்தார். தம்பி இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில்.

மறுபடி கூப்பிட்டார். மறுபடி நாற்காலி. "உங்க வேலை போயிடக் கூடாதேன்னு நான் மேலிடத்துல எவ்வளவு கெஞ்சியிருக்கேன் தெரியுங்களா? ஒரு மன்னிப்புக் கடிதம் போதும்மா." கடிதத்தை அவரே எழுதி வைத்திருந்தார். காப்பி வேண்டாம் என்றேன். இந்தத் தடவை காகிதத்தை எடுத்து, எழுத்துக் கூட்டுகிறவளைப் போல மெதுவாகப் படித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். மேலதிகாரியை ஒருமையில் பேசியதற்கு வருந்துகிறேன் என்பது முதல் வரி. நான் முன்பு அளித்த வாக்குமூலமே உண்மையானது என்பது இரண்டாவது வரி. அதை மூன்று தடவை படித்தேன். அதற்கு என்ன அர்த்தம், யார் அடுப்பு அணையும், எல்லாம் தெரிந்தது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் கையெழுத்துக்கு நான் அவரைத் திட்டலாம். சாகிற வரைக்கும் திட்டுவேன். இந்த இரண்டாவது கையெழுத்துக்கு யாரைத் திட்டுவது?

"ரொம்ப நன்றிங்கம்மா" என்று கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

கன்னியம்மாவுக்கு வேலை இல்லை என்று எழுதிய கடிதத்திலும் 'வருந்துகிறோம்' என்று இருந்ததாகச் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு கோயில் முடிந்ததும் நான் அவள் குப்பத்துக்குப் போனேன். வழி நெடுக மனதுக்குள் தயார் செய்துகொண்டேன். தெருவிலேயே தலைமயிரைப் பிடித்து இழுப்பாள், அவள் வாயில் வராத வார்த்தை கிடையாது, மண்ணை வாரித் தூற்றுவாள். தூற்றட்டும். காலில் விழலாம் என்றுதான் போனேன். வீட்டு வாசலில் இடது கையால் மீன் செதில் சுரண்டப் பழகிக்கொண்டிருந்தாள். மீன் வழுக்கி வழுக்கி மண்ணில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வாங்க" என்றாள்.

எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

பெரிய பெண்ணைக் கூப்பிட்டுப் பாய் எடுத்து வரச் சொன்னாள். "உக்காருங்க. நாஷ்டா துன்னீங்களா?"

"இன்னாடி கன்னிமா, என்னைப் போயி வாங்கோ போங்கோன்றே? திட்டுடி. ரெண்டு அறை அறைடி. நான்தாண்டி உன் சோத்துல மண்ணப் போட்டேன்." அழுகையில் எனக்கு வார்த்தை குழறியது. அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கட்டுப் போட்ட கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"அதெல்லாம் எதுக்குங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. "நீங்களும் இன்னா பண்ணுவீங்க. ஊட்ல ஐயாவுக்கு ஒடம்பு எப்டிகீது?"

தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, சொம்பை இடது கையால் வாங்கி, என்னிடம் நீட்டாமல் எனக்கு முன்னால் பாயில் வைத்தாள். குடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்தபோது தெரு முனை வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் வந்து நின்றது.

"பாத்து ஏறுங்க" என்றாள்.